ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் வளர்ந்த சுவர்

சாந்தாமணியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த சனமெல்லாம் பந்தல் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்பே பஸ் ஏறிப் போய்விட்ட மறுநாள் காலையில், நாச்சம்மாள் படுக்கையறைக் கதவைத் தள்ளியபோது அது முக்கால்வாசி திறந்து எதிலோ இடித்து நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த பொதுச்சுவர், அதாவது ஏழாம் நம்பரான அவள் வீட்டுக்கும் எட்டாம் நம்பரான சென்னியப்பன் வீட்டுக்கும் நடுவில் நின்ற சுவர், விடிவதற்குள் முன்னால் வந்திருந்தது. ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவளுக்கு அளவுநாடா எப்போதும் கழுத்தில்தான் கிடக்கும் என்பதால் அங்கேயே அளந்து பார்த்தாள். ஒன்றேகால் அங்குலம். "வளரு," என்றாள் சுவரைப் பார்த்து. "நல்லா வளரு." பிறகு பால் காய்ச்சப் போனாள்.

அந்தச் சுவரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்ப் பக்கம், மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்றுக்குப் பின்புறம், நான்கு மாடியும் பதினாறு வீடுமாக நின்றது பூங்குயில் அடுக்ககம். கட்டினவன் கை கூசாமல் மெல்லிசாகக் கட்டிவிட்டுப் போன சுவர்கள்; ஒரு வீட்டில் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "ஆயுசு நூறு" என்று குரல் வரும். அந்தச் சுவரையும் சென்னியப்பன் சும்மா விடவில்லை. மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருந்த அவன், பழனியிலிருந்து வாங்கி வந்த முருகன் சிலைக்குக் கூடத்தில் இடத்தை அடைக்காமல் ஒரு மாடம் வேண்டுமென்று பொதுச்சுவரையே பாதிக்கு மேல் குடைந்தான். குடைந்த பள்ளத்துக்குள் பலகை அடித்துப் பாலிஷ் போட்டான். சீரியல் விளக்குக்கு வயர் இழுக்கத் துளை போட்டபோது கை நீண்டு, அந்தப் பக்கம் நாச்சம்மாளின் பீரோவுக்குப் பின்னால் விரல் நுழைகிற ஓட்டை விழுந்து சிமெண்ட் தூள் கொட்டியது. அவள் போய்க் கேட்டதற்கு, "எலி பண்ற வேலைங்க்கா," என்றான்.

வைகாசியில் ஒரு முகூர்த்த நாள். மாடத்தில் விளக்கை ஏற்றிவைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு, சென்னியப்பனும் அவன் பெண்டாட்டி கோகிலாவும் அன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். பலகை பற்றிக்கொண்டது. நாச்சம்மாளின் தங்கை சாந்தாமணி ஒரு மருத்துவமனையில் நர்சு. ராத்திரி டியூட்டி முடித்து வந்து, பகல் பதினொரு மணிக்கு அந்தப் பீரோவை ஒட்டிய கட்டிலில், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். நாச்சம்மாள் நூல்கண்டு வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். ஓட்டை வழியாக நெருப்பு வந்தது கொஞ்சம்தான். புகைதான் முழுசாக வந்தது.

சென்னியப்பன் மாரில் அடித்துக்கொண்டு அழுதான். அழுதுகொண்டே, விசாரிக்க அதிகாரி வருவதற்குள் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து மாடத்தையும் ஓட்டையையும் அடைத்து, இரண்டு பக்கமும் பூசியும்விட்டான். "தீயில வெடிச்ச செவுருங்க, உழுந்துருமோன்னு பயந்து பூசிட்டனுங்க. தீ சன்னல் வழியாத்தானுங்க போச்சு. அந்தப் புள்ள எப்பவும் சன்னலத் தொறந்து போட்டுட்டுத்தான் தூங்கும்," என்று அவன் சொன்னதை அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டு போனார். 'இறந்தவர் சன்னலைத் திறந்துவைத்து உறங்கிய கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து முத்திரையோடு முடிந்த அந்த ஒரு வரியை நாச்சம்மாள் நூறு தடவை படித்திருப்பாள். பகலில் தூங்குகிறவள் எவளாவது சன்னலைத் திறந்து போடுவாளா? வெளிச்சம் ஆகாதென்று சாத்தி, திரையும் போட்டு, திரை விலகாமல் இருக்கத் துணி கிளிப்பும் மாட்டிவிட்டுப் படுக்கிறவள் சாந்தாமணி. செத்தவள் தன் சாவுக்குத் தானே காரணம் என்று காகிதம் சொன்னது. அந்த ஒரு வரி மாற வேண்டும், அதை அவன் வாயாலேயே மாற்ற வேண்டும், அதற்கப்புறம் தான் இருந்தாலும் செத்தாலும் ஒன்றுதான் என்று நாச்சம்மாள் முடிவு செய்திருந்தாள்.

ஆகவே சுவர் வளர்ந்தது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இவ்வளவு மெதுவாக வளர்கிறதே என்றுதான் இருந்தது. மாதத்துக்கு முக்கால் அங்குலம், ஆடியில் கொஞ்சம் கூட, மழைக்காலத்தில் கொஞ்சம் குறைய, இரண்டு பக்கமும் சமமாக வளர்ந்தது. தினமும் காலையில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சுவர் முன்னால் நின்று, மாடம், பலகை, வயர், ஓட்டை, எலி, கொத்தனார், சன்னல் என்று ஒன்று விடாமல் அதற்குச் சொல்வாள். சொல்லி முடித்த பிறகுதான் காப்பி. அவள் பக்கம் பீரோ போனது, கட்டில் போனது, தையல் மிஷின் கூடத்துக்கு வந்தது. எதிரிக்குச் சகுனத் தடை ஆகட்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட கதைதான். அறுபட்ட மூக்கைத் தடவிப் பார்த்து அவள் ஒரு நாளும் வருத்தப்படவில்லை.

எட்டாம் நம்பரில் அலமாரிக் கதவு திறக்க முடியாமல் போயிற்று, சோபாவை விற்றார்கள், கோகிலா சமையலறைக்கு ஒருக்களித்துத்தான் நடந்து போனாள். சென்னியப்பன் ஆள் வைத்து இடித்துப் பார்த்தான். உளி முனை மழுங்கியதுதான் மிச்சம், மத்தியானம் செதுக்கின பள்ளத்தை மறுநாள் விடிவதற்குள் சுவர் ரொப்பி வைத்திருந்தது. வீட்டை வாங்க வந்தவர்கள் டேப்பை நீட்டிப் பார்த்துவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோமுங்க," என்று போனவர்கள் போனவர்கள்தான். நாச்சம்மாளுக்கு ஒரே ஒரு குறை. சுவர் தடித்துப்போனதால் அவன் புலம்புவது இந்தப் பக்கம் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்காகவே அவள் தண்ணீர் மோட்டார் போடுகிற சாக்கில் கீழே போய், ஒன்பதாம் நம்பர்க்காரியிடம் அரை மணி நேரம் பேச்சுக் கொடுப்பாள்.

குடியிருப்புச் சனத்துக்கு முதல் மாதம் அது அதிசயம், இரண்டாம் மாதம் பேச்சு, மூன்றாம் மாதம் பழக்கம். "இந்த மாசம் எவ்வளவுங்க்கா?" என்று மாடிப்படியில் கேட்பார்கள். "முக்கால்," என்பாள். "பரவால்லயே," என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போவார்கள். யாரோ சுவருக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பார்த்தார்கள், வேண்டாமென்று அழித்துவிட்டாள். சங்கச் செயலாளர் வரதராஜுலு, ஓய்வு பெற்ற மில் சூப்பர்வைசர், எதையும் தீர்மானமாக எழுதாவிட்டால் தூக்கம் வராத மனுஷர். 'ஏழு, எட்டு எண் வீடுகளுக்கு இடையே சுவர் வளர்ந்துவருவது குறித்து விவாதிக்கப்பட்டது' என்று அவர் நோட்டில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அத்தோடு விஷயம் சட்டப்படி முடிந்தது.

மூன்று வருஷம் இப்படிப் போன பிறகு, வேறெங்கோ ஓர் ஊரில் ஓர் அடுக்கு வீட்டில் தீப்பிடித்து, ஒரு வீட்டுத் தீ ஒன்பது வீட்டுக்குப் போனது என்று செய்தி வந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கிற சுவர் இரண்டு மணி நேரமாவது தீயைத் தாங்குமா என்று எல்லாக் கட்டடத்திலும் பார்க்க வேண்டுமென உத்தரவு போட்டார்கள். பூங்குயிலுக்கு மெஹருன்னிஸா என்ற ஆய்வாளர் வந்தார். முப்பது வயசு இருக்கும், சிரிக்காத முகம், தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் டார்ச், சின்னச் சுத்தியல், அளவு டேப், அப்புறம் ஒரு கட்டு ஊதுபத்தி. சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பார், டேப் பிடிப்பார், பிறகு ஊதுபத்தியை ஏற்றிக் குழாய் நுழைகிற இடத்தில், பரணுக்குப் பின்னால், வயர் போகிற சந்தில் பிடிப்பார். புகை நிமிர்ந்து நின்றால் சரி. சாய்ந்து சந்துக்குள் போனால், போகிற இடத்துக்குத் தீயும் போகும். பதினான்கு வீட்டில் புகை சாய்ந்தது. மூன்றாம் மாடிச் சமையலறை ஒன்றில் அது விருந்தாளி மாதிரி நேராகப் பக்கத்து வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

ஏழாம் நம்பர் படுக்கையறையில் மட்டும் புகை குச்சி போல நின்றது. ஆய்வாளர் சுத்தியலால் தட்டினார். மலையைத் தட்டின சத்தம்.

"அஞ்சடி வருது," என்றார் டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "கோட்டைக்குத்தான் இப்படிக் கட்டுவாங்க. எதுல கட்டினது?"

"பகைங்க மேடம்," என்றார் வரதராஜுலு.

ஆய்வாளர் தலையாட்டிவிட்டு, படிவத்தில் 'கட்டுமானப் பொருள்' என்ற இடத்தில் 'பகை' என்று எழுதிக்கொண்டார். அவர் போகும்போது நாச்சம்மாள் பழைய அறிக்கையை எடுத்து நீட்டி, மாடத்தையும் ஓட்டையையும் பற்றி மூச்சு விடாமல் சொன்னாள். ஆய்வாளர் நின்று, பொறுமையாக இரண்டு தடவை படித்தார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்மா. ஆனா எழுத முடியாது. கண்ணால பார்த்தாத்தான் எழுதலாம். அந்த மாடம் இப்ப எங்க இருக்கு?"

நாச்சம்மாள் சுவரைக் காட்டினாள். ஐந்தடிக்கு நட்டநடுவில், அவளே வளர்த்த கோபத்துக்குள், அவளுக்கு வேண்டிய ஒரே சாட்சி புதைந்து கிடந்தது. அது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

மற்ற சுவர்களையும் தொண்ணூறு நாளுக்குள் இந்த மாதிரி ஆக்காவிட்டால் கட்டடத்தைப் பூட்டி சீல் வைப்போம் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூட்டம். 'இந்த மாதிரி' என்றால் எந்த மாதிரி? பதினான்கு வீட்டுச் சுவரையும் இடித்துக் கட்டுவது ஆகிற காரியமா? கண்ணெதிரே வழி இருக்கும்போது எதற்குச் செங்கல்லும் சிமெண்டும்? அரை மணி நேரத்தில் தீர்மானம் நிறைவேறியது: பொதுச்சுவர் உள்ள வீட்டார் இன்று முதல் ஒருவரோடொருவர் பகைத்துக்கொள்ள வேண்டியது. வரதராஜுலு கிழமை வாரியாகப் பட்டியல் போட்டு லிப்ட் பக்கத்தில் ஒட்டினார்.

முதல் வாரம் நன்றாகத்தான் இருந்தது. செருப்பை வாசலில் விட்டதற்குச் சண்டை, மேல் வீட்டு ஈரத்துணி சொட்டியதற்குச் சண்டை, கோலத்தை மிதித்ததற்குச் சண்டை. சண்டை போட்டுவிட்டு, "நெம்பப் பேசிட்டனா?" என்று பின்பக்கச் சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டார்கள். சுவர்களும் ஏதோ பெயருக்கு ஒரு விரல்கடை வளர்ந்தன. தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கின. பொய்ச் சண்டைக்குச் சுவர் ஏமாறாது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு நிஜமான பகையைத் தோண்டி எடுக்க ஆரம்பித்தார்கள். தோண்டினால் எந்த வீட்டில்தான் கிடைக்காது?

பதினோராம் நம்பர் ரெஜினாவும் பன்னிரண்டாம் நம்பர் பங்கஜமும் ஏழு வருஷமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ரெஜினாவின் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், அந்தப் பெண்ணுக்கு மூச்சிரைப்பு உண்டு என்று பங்கஜம் சொல்லிவிட்டாள் என்பது கேஸ். சங்கத்துக்கு இவர்கள் மேல்தான் நம்பிக்கை. அவர்கள் சுவர் ஏற்கெனவே ஒரு சாண் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றிவிடலாமென்று இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேசவிட்டார்கள். முதல் ஒரு மணி நேரம் சுவர் கிடுகிடுவென்று வளர்ந்தது. இரண்டாவது மணி நேரத்தில், சொன்னது பங்கஜமே இல்லை, வந்த மாப்பிள்ளையின் சொந்தக்காரியே கட்டிவிட்ட கதை என்று தெரியவந்தது. மூன்றாவது மணி நேரத்தில் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். சுவர் சரசரவென்று உதிர்ந்து, போன வருஷம் அடித்த பச்சைப் பெயின்டை உதிர்த்து, அதற்கு முன்பு அடித்த மஞ்சளை உதிர்த்து, கடைசியில் நின்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூட அட்டவணை ஒட்டியிருந்தது.

வரதராஜுலு தலையில் கை வைத்துக்கொண்டார். நாச்சம்மாள் மட்டும் கிட்டே போய் அந்தக் காகிதத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இது எப்பத்ததுங்க ரெஜினா?"

"சின்னவ ஆறாப்புப் படிக்கறப்ப ஒட்டினதுக்கா. இதக் கிழிச்சுப் போட்டுத்தான் பெயின்டே அடிச்சோம். சண்டை வந்தன்னைக்கு இதுதான் இருந்துச்சு."

நாச்சம்மாள் படியிறங்கி வந்தாள். மனசு ஆறினால் சுவர் சண்டை பிறந்த நாளுக்கே திரும்பிப் போகிறது. அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே வந்து நிற்கிறது. அதற்குப் பிறகு பூசினது, ஒட்டினது, அடைத்தது எல்லாம் உதிர்ந்துவிடுகிறது. அவள் சண்டை பிறந்த நாள், மாடத்தில் கரி ஈரம் காயாத நாள். அந்த நாளை ஆய்வாளர் கண்ணில் காட்ட வேண்டுமானால் சென்னியப்பனை மன்னிக்க வேண்டும். பழி வாங்குவதற்காக மன்னிக்க வேண்டும்! கேட்டால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் குளித்துவிட்டு வந்து, "மன்னிச்சேன்," என்றாள் சுவரிடம். சுவர் அன்றைக்குக் கால் அங்குலம் கூடுதலாக வளர்ந்தது. சரி, அவன் செய்த நல்லதையாவது நினைப்போமென்று நினைத்துப் பார்த்தாள். ஒரு தடவை கேஸ் சிலிண்டரை மாடி ஏற்றிக் கொடுத்தான். வருஷா வருஷம் பழனிப் பஞ்சாமிர்தம் கொடுப்பான். பஞ்சாமிர்தம் என்றதும் முருகன் ஞாபகம் வந்தது, முருகன் என்றதும் மாடம் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான், பல்லைக் கடித்தாள். தொண்ணூறு நாளில் எண்பத்தேழு நாள் இப்படியே போயிற்று. ஆயிரம் பொய்யை அவள் சொல்லிவிடுவாள். இந்த ஒரு மெய்தான் வாயில் வரவில்லை.

எண்பத்தெட்டாம் நாள் கோகிலா ரவிக்கைத் துணியோடு வாசலில் வந்து நின்றாள். மூன்று வருஷத்தில் முதல் தடவை.

"அண்ணன் மகளுக்குக் கல்யாணமுங்க்கா. வெளிய குடுத்தா ஒண்ணும் சேர மாட்டேங்குது. நீங்க போன்னு சொன்னாப் போயிர்றேன்."

நாச்சம்மாள் போ என்று சொல்லவில்லை. எதிரி வீடு எப்படி நாசமாகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்த வாய்ப்பை யார் விடுவார்கள்? நாடாவைச் சுற்றினாள். பழைய அளவு அவளுக்கு மனப்பாடம்.

"என்ன கோகிலா, மூணு அங்குலம் கொறஞ்சுபோயிட்ட?" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

"ஒருத்தி மட்டும் ஒக்காந்து எத்தனங்க்கா திங்கறது? அவரு வீட்ல ஒருவேளைதான் சாப்புடறாரு. வெளிய எங்கயும் கை நனைக்கறதே இல்லீங்க. கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா மொய்ய எழுதிட்டு வாசல்லயே நிக்கறாரு. எங்க சனமெல்லாம் எங்க ஊட்டுச் சோறு எளப்பமான்னு பேச்சை விட்டுட்டாங்க."

"ஏன், அய்யாவுக்கு என்ன விரதமா?"

கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். "அன்னைக்கு அன்னூர்ல பந்தில ஒக்காந்திருக்கறப்ப வரதராஜுலு சாரு போன் பண்ணுனாருங்க. மூணு தடவ அடிச்சுது. எலைல பாயசம் ஊத்தியிருந்தாங்க. சாப்புட்டுப் பேசிக்கலாம்னு எடுக்காம உட்டுட்டாரு. எடுத்திருந்தா, உள்ள புள்ள தூங்குது, கதவ ஒடைங்கன்னு சொல்லியிருப்பேன், பாயசத்துக்காக உட்டுட்டேன்னு இன்னும் சொல்லிட்டே இருக்கறாருங்க்கா. எலையப் பாத்தாலே எந்திரிச்சுப் போயிர்றாரு."

நாச்சம்மாளின் கை நாடாவோடு அப்படியே நின்றுவிட்டது. இதைக் கேட்டு அவளுக்கு ஆத்திரம் பொங்கியிருக்க வேண்டும், பொங்கத்தான் செய்தது. ஆனால் பொங்கின ஆத்திரம் அவனிடம் போகாமல் வேறொரு இடத்துக்குப் போயிற்று. அன்றைக்கு நூல்கண்டு வாங்கின உடனே திரும்பியிருந்தால் பதினோரு மணிக்குள் வீடு வந்திருப்பாள். அவள் வரவில்லை. பேக்கரியில் அப்போதுதான் தேங்காய் பன் இறக்கினார்கள், சூடாக இருந்தது, ஒரு டீயும் சொல்லி, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அவசரமே இல்லாமல் தின்றாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அதன் பிறகு அந்த பேக்கரி இருக்கிற தெருவுக்கே போனதில்லை. இலையைக் கண்டால் எழுந்து போகிறவனும் பேக்கரியைக் கண்டால் தெரு மாறிப் போகிறவளும் இத்தனை நாள் ஒரே சுவரின் இரண்டு பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். "பாவி," என்றாள் அவள், யாரைச் சொன்னாள் என்று தெரியாமலே.

உள்ளே ஏதோ சரசரத்தது. கோகிலா திரும்பிப் பார்த்தாள். நாச்சம்மாள் ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு, "நாளானிக்கு வா, தந்துர்றேன்," என்று அவளை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். சுவர் உதிர்ந்துகொண்டிருந்தது. உதிர்கிற ஒவ்வொரு அங்குலத்துக்கும் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருஷம் சோறு போடாத குறையாக வளர்த்த கோபம். அதுவும் போய்விட்டால் சாந்தாமணியைச் சேர்ந்தது என்று அந்த வீட்டில் வேறு எதுவும் மிச்சமில்லை. தரையில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்து அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, விளக்குமாறு எடுத்து உதிர்ந்த காரையைக் கூட்டி ஓரமாக ஒதுக்கினாள். ஆய்வாளர் வருவதற்கு இரண்டு நாள் இருந்தது.

தொண்ணூறாம் நாள் காலையில் சுவர் ஒரு சாணுக்கு வந்துவிட்டது. செய்தி மாடிக்கு மாடி பரவி, பதினான்கு வீட்டுச் சனமும் ஏழாம் நம்பரில் கூடிவிட்டார்கள். கட்டடத்தில் தேறின ஒரே சுவரும் போனால் என்ன கதி?

"அக்கா, கொஞ்சம் கோவப்படுங்கக்கா," என்று ஒன்பதாம் நம்பர்க்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"அம்மிணி, அவன் உங்களுக்குப் பண்ணுனதையெல்லாம் மறந்துபோட்டீங்களா?" என்றார் வரதராஜுலு. வியர்த்து வழிந்தது மனுஷருக்கு. "உங்க தங்கச்சிய ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்க!"

மூன்று வருஷத்தில் சாந்தாமணியை நினைக்கச் சொல்லி அந்தக் கட்டடத்தில் ஒருத்தர் வாய் திறந்ததில்லை. அறிக்கை வந்த அன்று, "விடுங்கம்மா, போனது போச்சு," என்றவர் இதே வரதராஜுலுதான்.

"அவளத்தான் நெனச்சுட்டு இருக்கேன்," என்றாள் நாச்சம்மாள். "எல்லாரும் சித்த தள்ளி நில்லுங்க, மேல உழுந்துரும்."

மெஹருன்னிஸா உள்ளே வந்தபோது கடைசிக் காரை விழுந்தது. பிறகு அந்தப் பக்கம், எட்டாம் நம்பர்க் கூடத்தில், கொத்தனார் அவசரமாக அடுக்கியிருந்த செங்கற்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. தூசி அடங்கியதும் மாடம் தெரிந்தது. பாதிக்கு மேல் குடைந்த பள்ளம், கருகிய பலகையின் முளைகள், உருகி வழிந்த வயர். அந்த விரல் அகல ஓட்டை வெடித்துக் கை நுழைகிற அளவுக்கு ஆகியிருந்தது. அவள் பக்கம், பீரோ நின்ற இடத்துக்குப் பின்னால், ஓட்டையிலிருந்து கட்டில் கிடந்த இடம்வரை விசிறியாக விரிந்த கரி.

ஆய்வாளர் எட்டாம் நம்பருக்குள் போனார். ஊதுபத்தியை ஏற்றி மாடத்துக்குள் பிடித்தார். புகை சாய்ந்தது, ஓட்டைக்குள் நுழைந்தது, இந்தப் பக்கம் வந்து, தாழ்ந்து, ஒருவர் தலை வைத்துப் படுக்கிற உயரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. சன்னல் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் நின்றிருந்தான். இளைத்து, தாடி வளர்ந்து, ஆளே பாதியாகியிருந்தான். "இதை யார் வெட்டினது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அவன் ஓட்டை வழியாக நாச்சம்மாளைப் பார்த்தான். அவள் முகத்தில் பகை இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. பகை இருந்திருந்தால் பொய் சொல்லியிருப்பான்.

"நாந்தானுங்க," என்றான்.

"அடைச்சது?"

"அதும் நாந்தானுங்க."

"சன்னல்?"

"சாத்தித்தானுங்க இருந்துச்சு. அந்தப் புள்ள ஒரு நாளும் தொறந்து போட்டதில்ல."

ஆய்வாளர் எழுத உட்கார்ந்தார். முதலில் சங்கத்துக்கு: பதினாறு வீட்டுச் சுவரும் தேறவில்லை, செங்கல்லால் கட்டினால்தான் ஒப்புக்கொள்ளப்படும், வேறெந்தப் பொருளும் செல்லாது. வரதராஜுலு சுவரில் சாயப்போய், சாயப் பயந்து நிமிர்ந்து நின்றார். பிறகு ஆய்வாளர் இன்னொரு தாளை எடுத்து, பார்த்ததையும் கேட்டதையும் ஒவ்வொரு வரியாக எழுதினார். 'இறந்தவர் மீது எந்தக் கவனக்குறைவும் இல்லை' என்று சத்தமாகப் படித்தபோது, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் நாச்சம்மாள். படித்தார். "பேரையும் போடுங்க. இறந்தவருன்னா யாரு? சாந்தாமணின்னு போடுங்க." போட்டார்.

"இதுக்குமேல இது போலீசுக்குப் போகும், கோர்ட்டுக்குப் போகும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போடணும்," என்றார் ஆய்வாளர் சென்னியப்பனிடம்.

அவன் ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அக்கா," என்றான் மெதுவாக, "நீங்க மன்னிச்சுப்போட்டதாலதான செவுரே போச்சு. பொறவு எதுக்குங்க்கா இது?"

"மன்னிச்சேன்," என்றாள் நாச்சம்மாள். "மன்னிச்சதாலதான் காகிதத்தோட விடறேன்."

அவள் ஆய்வாளரிடமிருந்து தாளையும் பேனாவையும் வாங்கி, கரியில் கை படுவதைப் பொருட்படுத்தாமல் ஓட்டைக்குள் நீட்டினாள். "போடுங்க தம்பி," என்றாள். "எழுத்துத் தெளிவா இருக்கட்டும்."

அவன் போட்டு முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை.